மறைசாட்சியின் வாழ்க்கையை வகுப்பில் சொல்வது எப்படி: தீத்துஸ் பிராண்ட்ஸ்மாவுக்கு ஒரு ஞாயிறு

“டீச்சர், இயேசுவை மறுதலிக்கச் சொல்லி அவரை யாராவது மிரட்டினார்களா?”

மறைக்கல்வி வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று நான் அருளாளர் (புனிதர் நிலைக்கு முந்தைய படி) தீத்துஸ் பிராண்ட்ஸ்மாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். நெதர்லாந்தில் பிறந்தார், கார்மேல் என்ற துறவற சபையில் குருவானார், ஹிட்லரின் நாசிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், 1942இல் டாக்காவ் வதைமுகாமில் கொன்றார்கள், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. பையன் குறும்புக்காகக் கேட்கவில்லை. முந்தைய வாரம் உரோமைக் காலத்து மறைசாட்சிகளைப் பற்றிப் படித்திருந்தோம். சிலைக்குத் தூபம் காட்டு, இல்லாவிட்டால் சாவு என்கிற காட்சியை இங்கேயும் எதிர்பார்த்திருக்கிறான்.

“இல்லை” என்றேன்.

“அப்படியானால் எதற்காகச் செத்தார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் பேசியவளுக்கு, கதையின் உயிர்நாடி எங்கே துடிக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அவன் கேட்டதற்கு விடை ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 27, அவருடைய திருநாளுக்கு முந்தைய ஞாயிறன்று இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இப்போது அவர் புனிதராகவும் ஆகிவிட்டார். ஆண்டுக்கு ஆண்டு மாற்றி மாற்றி, ஓரளவு கைக்கு வந்த முறையை இங்கே எழுதுகிறேன். போர்க்காலத்தில் கொல்லப்பட்ட வேறொரு குருவை நீங்கள் எடுத்துக்கொண்டாலும் இதே வழியில் போகலாம்.

தாளை நடுவில் மடியுங்கள்

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நெடுக்காக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தேதி. வலப்பக்கம் அந்தத் தேதியில் நடந்தது. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் ‘பட்டார்’ என்று முடியும் வினைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். கைது செய்யப்பட்டார். அடைக்கப்பட்டார். மாற்றப்பட்டார். கொல்லப்பட்டார். என் முதல் தாளில் ஏறக்குறைய எல்லா வரியிலும் சிவப்புக்கோடு இருந்தது. அப்படி இருந்தால் நீங்கள் சொல்லப்போவது கொன்றவர்களின் கதை. அவர்கள் செய்ததைத்தான் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு மனிதர் சும்மா தள்ளப்பட்டுக்கொண்டே போகிறார்.

இப்போது அதே தேதிகளுக்கு எதிரே அவர் செய்தது என்ன என்று தேடுங்கள். கிடைக்கும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். 1941 டிசம்பர் 31: கடிதம் எழுதினார். 1942 ஜனவரியின் முதல் வாரங்கள்: ரயிலேறி ஊர் ஊராகப் போனார். ஜனவரி 19க்குப் பிறகு, சிறையில்: கவிதை எழுதினார், தம் கார்மேல் சபையின் புனிதரான அவிலா தெரேசாவின் வரலாற்றை எழுதினார். ஏப்ரல் 3, புனித வெள்ளி: அமர்ஸ்ஃபோர்ட் முகாமில் சக கைதிகளிடையே ஆண்டவரின் பாடுகளைப் பற்றிப் பேசினார். ஜூலை: தன்னைக் கொல்லப்போகும் செவிலியிடம் ஒரு செபமாலையைக் கொடுத்தார்.

இந்த இரண்டாவது தாளை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். முதல் தாளைக் கிழித்துவிடலாம்.

ஊர்ப் பெயர்களை முந்தைய நாளே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஃபிரீஸ்லாந்து, நைமேகன், ஸ்கேவனிங்கன், அமர்ஸ்ஃபோர்ட், டாக்காவ். நீங்கள் தடுமாறும் இடத்தில்தான் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு அவர்களைப் பழைய அமைதிக்குக் கொண்டுவருவது எளிதல்ல.

விளம்பரத்தில் தொடங்குங்கள்

பிறப்பில் தொடங்காதீர்கள். சாவில் தொடங்கவே தொடங்காதீர்கள். வகுப்புக்குள் போனதும் கரும்பலகையில் ஒரு செய்தித்தாளின் பக்கத்தை வரைகிறேன். மேலே தலைப்புக்கு ஒரு பட்டை, நான்கைந்து பத்திகளுக்குக் கோடுகள், வலப்பக்கக் கீழ்மூலையில் வெறுமையாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, “இந்த இடத்துக்காக ஒருவர் செத்தார்” என்று சொல்லிவிட்டுச் சில நொடிகள் பேசாமல் நிற்கிறேன்.

பிறகு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். 1940 மே 10 அன்று ஜெர்மனி நெதர்லாந்துக்குள் படையெடுத்தது. சில நாட்களில் நாடு அவர்கள் கைக்குப் போனது. உள்ளூரிலேயே ஒரு நாசிக் கட்சி இருந்தது. என்.எஸ்.பி. என்று அதைச் சொல்வார்கள். 1931இல் தொடங்கப்பட்டது, தலைவர் அன்டோன் முஸ்ஸெர்ட். கத்தோலிக்கர்கள் அதில் சேரக் கூடாது என்று ஆயர்கள் தடுத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் நாளிதழ்களுக்கு ஓர் ஆணை வந்தது: இந்தக் கட்சி தரும் விளம்பரங்களை மறுக்கக் கூடாது. கத்தோலிக்க நாளிதழ்களுக்கும் அதே ஆணை.

இந்த இடத்தில் கதையை நிறுத்துங்கள். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கத்தோலிக்க நாளிதழின் ஆசிரியர் குழு என்று சொல்லுங்கள். ஆணை மேசையில் கிடக்கிறது. மறுத்தால் பத்திரிகையை மூடிவிடலாம். அச்சுக்கோப்பவர், வண்டி ஓட்டுபவர், காகிதம் மடிப்பவர் எல்லாரும் வேலை இழக்கலாம். நீங்களே சிறைக்குப் போகலாம். ஐந்து நிமிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

பிள்ளைகள் சொல்லும் விடைகள் எனக்கு ஆண்டுதோறும் வியப்பாக இருக்கின்றன. வீராவேசமாக “மறுப்போம்” என்று கத்துவது பெரும்பாலும் கடைசி பெஞ்சு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் வழி தேடுவார்கள். ஒரு பெண் சொன்னாள்: “கடைசிப் பக்கத்தில், யாருக்கும் தெரியாதபடி சின்னதாகப் போட்டுவிடலாம் டீச்சர். மற்ற பக்கங்களில் நல்ல செய்தி வருமே.” அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் விடாதீர்கள். குடும்பமும் தொழிலாளிகளும் உள்ள எந்த நேர்மையான ஆசிரியருக்கும் முதலில் தோன்றக்கூடிய எண்ணம் அதுதான். தீத்துஸ் ரயிலேறிப் போனதே அந்த எண்ணத்தை எதிரில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதற்காகத்தான்.

அவர் 1935 முதல் கத்தோலிக்க இதழாளர்களின் ஆன்ம ஆலோசகர். ஆணை வந்ததும் உட்ரெக்ட் பேராயர் யான் தே யோங்கோடு கலந்து பேசி, 1941இன் கடைசி நாளில் நாளிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லை வந்துவிட்டது, இந்த விளம்பரங்களை ஏற்பது கத்தோலிக்க இதழ் என்ற பெயரோடு ஒத்துப்போகாது என்பது அதன் சாரம். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு மடத்தில் இருந்திருக்கலாம். வயது அறுபது; உடம்பும் சரியில்லாதவர். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வோர் அலுவலகமாக நேரில் போனார். பத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பார்த்துவிட்டார். ஜனவரி 19ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள்.

ஏன் நேரில் போனார் என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன்: வேலையையும் பத்திரிகையையும் பணயம் வைக்கச் சொல்லும் ஒரு கட்டளையைத் தபாலில் அனுப்புவது அவருக்கு முறையாகப் படவில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பயணத்தைத் தாண்டி அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. டாக்காவ்கூட அதற்குப் பிறகுதான்.

பிறந்தது, வளர்ந்தது: பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

இப்போது பின்னோக்கிப் போகலாம். அந்த ‘முடியாது’ எங்கிருந்து வந்தது என்று காட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

1881 பிப்ரவரி 23 அன்று, நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில், போல்ஸ்வார்டு என்ற சிற்றூருக்கு அருகே பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அன்னோ ஷூர்ட். ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் துறவறம் புகுந்தார்கள். 1898இல் பொக்ஸ்மீர் ஊரிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது தம் தகப்பனாரின் பெயரான தீத்துஸைத் துறவறப் பெயராக எடுத்துக்கொண்டார். 1905இல் குருவானார். உரோமையில் படித்து 1909இல் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியவை வேறு. ஓஸ் என்ற ஊரில் இருந்தபோது உள்ளூர் நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார். ஆகவே அச்சு மையின் மணமும், அச்சுக்கு அனுப்பும் நேரத்துப் பரபரப்பும், விளம்பரக் காசு இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும். 1942இல் அந்த ஆசிரியர்களிடம் பேசியவர் அவர்களில் ஒருவர். 1923இல் நைமேகனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மெய்யியல் பேராசிரியரானார்; 1932–33இல் அதன் ரெக்டராகவும் (தலைவராகவும்) இருந்தார். நாசிகளின் இனக்கொள்கையை 1930களிலேயே வகுப்பிலும் எழுத்திலும் எதிர்த்தார். ஜெர்மனியில் யூதர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து எழுதினார். படையெடுப்புக்குப் பின், யூதப் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று ஆணை வந்தபோது அதையும் எதிர்த்து நின்றார். விளம்பரத்துக்கு ‘முடியாது’ என்றது திடீரென்று வந்த வீரம் அல்ல. பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகிய சொல்.

அவர் சுருட்டும் பைப்பும் பிடிப்பவர். இதை மறைக்காதீர்கள். சுரூபத்தில் நிற்பவர் போலப் பேசினால் பிள்ளைகள் அவரைச் சுரூபத்தோடே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வரிகளுக்கு நடுவே எழுதச் சொல்லுங்கள்

கைதானதும் கடற்கரை ஊரான ஸ்கேவனிங்கனில் இருந்த சிறைக்குக் கொண்டுபோனார்கள். அறை எண் 577. தனிமைச் சிறை. அங்கே அவர் ஒரு துறவியாகவே நாளை வகுத்துக்கொண்டார்: செபத்துக்கு நேரம், எழுத்துக்கு நேரம், அந்தச் சிறிய அறைக்குள்ளேயே நடைக்கு நேரம். தம் அறையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். இயேசுவின் படத்துக்கு முன் பிப்ரவரியில் எழுதிய கவிதை இன்றும் செபமாகச் சொல்லப்படுகிறது. அறுபத்தொன்றாவது பிறந்த நாளும் அந்த அறையில்தான் கழிந்தது.

அவிலா தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியபோது காகிதம் போதவில்லை. கையிலிருந்த ஓர் அச்சுப் புத்தகத்தின் வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில் எழுதினார்.

இந்த ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பழைய வாரத்தாள்களை எடுத்துச் செல்லுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். அச்சிட்ட இரண்டு வரிகளுக்கு நடுவே, அச்செழுத்தைத் தொடாமல், அவரவர் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வரி முடிவதற்குள் முனகல் கேட்கும். பேனா முனை அச்செழுத்தின் கொம்பில் இடிக்கும். கால் வாங்கினால் கீழ்வரியில் விழும். சுழி போட இடமிருக்காது. கண் ஒரு வாக்கியத்தைப் படிக்கும், கை இன்னொன்றை எழுதும். மூன்றாம் வரியில் விரல்களை உதறுவார்கள். அப்போது சொல்லுங்கள்: அவர் எழுதியது ஐந்து வரி அல்ல. எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாது. எழுதியது யார் கைக்கும் போய்ச்சேருமா என்பதும் தெரியாது.

நான் பல ஆண்டுகள் வதைமுகாமின் கொடுமையைச் சொல்லித்தான் வகுப்பை அமைதியாக்கினேன். இந்தப் பயிற்சியைத் தொடங்கிய பிறகு அதற்குத் தேவையே வரவில்லை.

சிறையில் அவரை விசாரித்த அதிகாரி, டச்சுக்காரர்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர்கள், என்.எஸ்.பி.யை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். தீத்துஸ் எழுதிக் கொடுத்தார். காரணங்களை ஒளிக்காமல் அடுக்கிவிட்டு, முடிக்கும்போது கடவுள் நெதர்லாந்தை ஆசீர்வதிக்கட்டும், ஜெர்மனியையும் ஆசீர்வதிக்கட்டும் என்று வேண்டி முடித்தார். ஜெர்மன் அதிகாரியின் கோப்புக்குள் போகப்போகிற தாளில் ஜெர்மனிக்கும் ஆசீர். இதை நிதானமாகச் சொல்லுங்கள். விளக்கம் சேர்க்க வேண்டாம்.

முகாம்களைக் கடக்கும்போது

வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஸ்கேவனிங்கன், மார்ச் 12 அன்று அமர்ஸ்ஃபோர்ட், ஏப்ரல் இறுதியில் மறுபடியும் ஸ்கேவனிங்கன், மே மாதம் ஜெர்மன் எல்லையைத் தாண்டி கிளேவ, ஜூன் 19 அன்று டாக்காவ், கைதி எண் 30492, ஜூலை 26 சாவு. கைதான நாளிலிருந்து 188 நாட்கள். டாக்காவில் 37 நாட்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். விரல் விட்டு எண்ணும்போது மாதங்கள் நீளமாகத் தெரியும்.

டாக்காவில் குருக்களை ஒன்றாக வைத்திருந்தார்கள். போர் முடியும்வரை சுமார் 2,700 சமயப் பணியாளர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர், அவர்களிலும் பாதிக்கு மேல் போலந்து நாட்டவர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அடி உதையை விவரிக்காதீர்கள். ஓர் ஆண்டு நான் வரம்பு மீறி விவரித்துவிட்டேன். பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கொடுமைக்குப் பதில் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சொல்லுங்கள். ஜெர்மானியக் குருக்களுக்கு மட்டும் முகாமில் ஒரு சிற்றாலயம் அனுமதிக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்குத் திருப்பலி இல்லை. அங்கிருந்து ஒளித்து எடுத்துவந்த நற்கருணையைத் தீத்துஸ் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு காவலன் அடித்துக் கீழே தள்ளியபோதும் கை அந்தக் கூட்டை விடவில்லை. அதே முகாமில் இருந்து உயிர் தப்பிய கார்மேல் சகோதரர் ரஃபேல் டைஹயிஸ் இவற்றையெல்லாம் எழுதிவைத்தார். நான் வகுப்புக்கு என் தகப்பனாரின் பழைய கூட்டைக் கொண்டுபோவேன். மூடும்போது ‘டப்’ என்று சத்தம் வரும் தகரக் கூடு. அதை யாராவது ஒரு பிள்ளையின் கக்கத்தில் வைத்து, வகுப்பு முடியும்வரை கீழே விழாமல் வைத்திரு என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று முக்கியம்: வசனம் எழுதாதீர்கள். அவர் இப்படிச் சொன்னார், காவலன் அப்படிக் கத்தினான் என்று நாடகம் போலக் கட்டிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். மறைசாட்சியின் வாயில் நம் சொல்லை வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கேள்விகளைச் சாவுக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்

சாவைச் சொன்ன பிறகு கேள்வி நேரம் வைத்தால், அதுவரை கட்டியது எல்லாம் கலைந்துவிடும். ஆகவே டாக்காவுக்கு வந்ததும் நிறுத்தி, கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

கட்டாயம் வரும் கேள்வி: இது அரசியல்தானே, எப்படி மறைசாட்சியம் ஆகும்? பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அந்தப் பையன் கேட்டதும் இதுதான். திருச்சபை மூன்றைப் பார்க்கிறது என்று சொல்லுங்கள்: சாவு உண்மையிலேயே நேர்ந்ததா, அவர் அதை மனமுவந்து ஏற்றாரா, கொன்றவர்களைத் தூண்டியது விசுவாசத்தின்மீதான வெறுப்பா. மூன்றாவதில்தான் சிக்கல் வரும். தீத்துஸ் விஷயத்தில் விசாரித்த அதிகாரியின் அறிக்கையே உதவுகிறது. நாசிசத்திடமிருந்து கிறிஸ்தவத்தைக் காப்பதைத் தம் கடமையாக இவர் கருதுகிறார், ஆகவே ஆபத்தானவர் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கிறது. பெரிய பிள்ளைகளாக இருந்தால் மாக்சிமிலியன் கோல்பேயையும் எடுத்துக்காட்டலாம். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இன்னொரு கைதிக்காகத் தம் உயிரைத் தந்த குரு. 1971இல் அருளாளராக உயர்த்தியபோது அவரை மறைசாட்சி என்று அறிவிக்கவில்லை. 1982இல் புனிதராக்கியபோதுதான் இரண்டாம் யோவான் பவுல் அப்படி அறிவித்தார். இந்தக் கேள்வி பெரியவர்களையும் தடுமாற வைத்த கேள்விதான் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வரும்.

இன்னொரு கேள்வி வர வேண்டும். வராவிட்டால் நீங்களே எழுப்புங்கள். யூதர்கள்? வதைமுகாம் கதையைக் கத்தோலிக்கரின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது பெரிய தவறு. நெதர்லாந்தில் வாழ்ந்த யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், கொல்லப்பட்டார்கள். தீத்துஸ் இறந்த 1942 ஜூலை 26 ஒரு ஞாயிறு. அதே ஞாயிறன்று நெதர்லாந்துக் கத்தோலிக்கக் கோவில்களில் யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து ஆயர்களின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, கத்தோலிக்கராகியிருந்த யூதர்களை ஆகஸ்ட் 2 அன்று பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் எடித் ஸ்டைன், அவரும் கார்மேல் துறவி. ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதினாலே போதும்.

எப்போது புனிதரானார் என்பதற்குச் சுருக்கமான பதில்: 1985இல் அருளாளர்; மறைசாட்சி என்பதால் அதற்குப் புதுமை (அற்புதம்) தேவைப்படவில்லை. புனிதராக ஒரு புதுமை வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் கார்மேல் குரு ஒருவர் தோல் புற்றுநோயிலிருந்து நலமடைந்தது அப்படி ஏற்கப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த பத்துப் புனிதர்களில் இவரும் ஒருவர். நம் தேவசகாயமும் அதே பத்தில் ஒருவர். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எழட்டும். ஆரல்வாய்மொழியில் 1752இல் சுடப்பட்ட இல்லறத்தாரும், 190 ஆண்டுகளுக்குப் பின் டாக்காவில் ஊசி போட்டுக் கொல்லப்பட்ட பேராசிரியரும் ஒரே காலையில் ஒரே பலிபீடத்தின் முன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள்.

கடைசி ஐந்து நிமிடம்

விளக்கை அணைப்பது, இசை போடுவது எதுவும் வேண்டாம். செபமாலையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், தழுதழுக்கவும் வேண்டாம்.

உடல் முற்றிலும் தளர்ந்த தீத்துஸை முகாம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பது கைதிகளுக்குத் தெரியும். அங்கிருந்த செவிலி ஓர் இளம்பெண். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து விசுவாசத்தை விட்டவள். குருக்களை வெறுத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து, உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றார். தம்மிடமிருந்த எளிய செபமாலையைக் கொடுத்தார். எனக்குச் செபிக்கத் தெரியாது, இது எனக்கு எதற்கு என்றாள். ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை முழுதும் சொல்ல வேண்டாம், பின்பாதியில் வரும் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லு போதும் என்றார்.

ஜூலை 26 பிற்பகல், மருத்துவர் தந்த ஊசியை அவளே போட்டாள். கார்பாலிக் அமிலம். இரண்டு மணிக்கு அவர் இறந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின், புனிதர் நிலைக்கான விசாரணை நடந்தபோது, அந்தச் செவிலி தானே வந்து சாட்சி சொன்னாள். அவருடைய கடைசி நாட்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, ஊசி போட்ட அந்தக் கையின் வாக்குமூலம். அவள் விசுவாசத்துக்குத் திரும்பியிருந்தாள். பாதுகாப்புக்காக அவளுடைய உண்மைப் பெயரை வெளியிடவில்லை. நீங்களும் பெயர் சொல்லாமல் ‘அந்தச் செவிலி’ என்றே சொல்லுங்கள்.

இதற்கு மேல் எதுவும் பேசாதீர்கள். எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்த பிள்ளையிடமிருந்து அதை வாங்கி மேசைமேல் வையுங்கள். பிறகு நீங்கள் மட்டும், மெதுவாக, “தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக” என்று சொல்லி அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியை அவர்களாகவே சொல்வார்கள்.